மஞ்சள் துணி கட்டிய மூங்கில்

மகனே,

இன்று நம் பக்கம் குழாயில் தண்ணீர் விடும் முறை. எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று விடுகிறவருக்கே தெரியாது. டிரம்மை எல்லாம் கழுவி வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு காதைக் குழாயடியில் வைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். எழுத்து அங்கங்கே கோணிப்போயிருந்தால் கோபத்தில் கோணியது என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் இருக்கிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட நிலைகொள்ளாமைதான் அதிகம். காலையிலிருந்து அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிறேன், துணியை ஊறவைத்துவிட்டு மறக்கிறேன், வாசலுக்குப் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். "புள்ளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு ஏன் இப்பிடி முட்டையிட எடம் தேடுற கோழி மாதிரி சுத்திச் சுத்தி வர்ற?" என்று உன் அப்பா கேட்டார். அவருக்கென்ன, பாக்குத் தோப்புக்குள் போய் நின்றுகொண்டால் வீட்டில் எது எரிந்தாலும் தெரியாது.

போனில் சொல்லலாம் என்றால், ஜோஹன் மாமா என்று நான் வாயெடுத்ததுமே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. போர்ட் பிளேரில் நட்ட நடுவில் அறை எடுத்துக்கொண்டு இருக்கிறாய், அங்கே எப்படியடா சிக்னல் போகும்? நேரில் வந்தால் தட்டில் ஒரு கண், போனில் ஒரு கண். கடிதத்தை கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம். கிழிப்பதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அப்பா கத்தரிக்காய்க் கூடையோடு டவுனுக்கு வருகிறார். கூடைக்கு மேலேயே வைத்துக் கொடுத்துவிடுகிறேன். அவரிடம் ஒன்றும் கேட்காதே. "எலெக்‌ஷன் முடிஞ்சிருச்சில்ல, எல்லாம் தானா சரியாகும்" என்பார். தானாகச் சரியானது எதையும் நான் இந்த வீட்டில் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் யாராவது ஒருவர் சரி செய்ய வேண்டியிருந்தது, பெரும்பாலும் நான்.

நீ அச்சடித்துக் கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டு கட்டிலுக்கு அடியில் கயிறு அவிழ்க்காமல் கிடக்கிறது. முதல் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முருகன் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும், அப்புறம்தான் ஊருக்கு. ஒரு வாரமாக மஞ்சளைக் குழைப்பதும் காயவிடுவதுமாக இருக்கிறேன். கை போகவில்லை. மாமன்மார் என்று போட்டு அதன்கீழ் பரமக்குடி மாமா பேர் மட்டும் இருக்கிறது. உன் அக்கா கல்யாணப் பத்திரிகையில் அந்த இடத்தில் இரண்டு பேர் இருந்தது. என் உடன்பிறந்த தம்பி பேர் ஒன்று, நம் ஊர்ப் பேரோடு சிப்பிகாட் ஜோஹன் என்று இன்னொன்று. அச்சகத்துக்காரர் விட்டுவிட்டார் என்று நினைத்துப் போன் போட்டேன். "இல்லம்மா, உங்க மகன்தான் புரூஃப்ல அந்தப் பேர அடிச்சுவிட்டுக் கொடுத்தாரு" என்றார். அவர் என்ன செய்வார் பாவம், கொடுத்ததை அச்சடித்தார்.

உனக்குத் தெரிந்ததைத்தான் இப்போது எழுதப் போகிறேன். தெரிந்ததுதானே என்று தள்ளாதே. ஜோஹன் மாமாவின் அப்பாவை ராஞ்சிப் பக்கத்திலிருந்து கப்பலில் ஏற்றி இங்கே காட்டு வேலைக்குக் கூட்டி வந்தார்கள். மரம் வெட்ட ஆள் வேண்டியிருந்தது, கூட்டி வந்தார்கள். வெட்டி முடித்த பிறகு இருக்கிறாயா போகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. அந்த மனுஷன் நம் வயலுக்கு மேலே இருக்கும் மலைச்சரிவில் ஒரு குடிசை போட்டு, மூங்கில் வைத்து, மரவள்ளி வைத்து, அங்கேயே கண்ணை மூடினார். உன் அப்பாவின் தாத்தாவும் ஜெட்டி கட்டும் வேலைக்குக் கூலியாக வந்தவர்தான். காட்டுக்குள் இருக்கும் ஆதிகுடிகளை விட்டால் இந்தத் தீவில் எல்லோரும் ஏதோ ஒரு கப்பலிலிருந்து இறங்கியவர்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே.

உனக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தோம். பரமக்குடி மாமா கப்பல் டிக்கெட் எடுத்துச் சென்னையில் வந்து காத்துக் கிடந்தான். புயல் சின்னம் என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். ஆசாரி வந்து உட்கார்ந்துவிட்டார், தேங்காய் உடைத்தாயிற்று, நல்ல நேரம் கரைகிறது, மடி கொடுக்கத் தாய்மாமன் இல்லை. நான் சமையல்கட்டில் நின்று அழுதேன். அந்த நேரம் பார்த்து, விருந்துக்குப் பலாக்காய் கொடுக்க ஜோஹன் மலையிலிருந்து இறங்கி வந்தார். உன் அப்பா அவர் தோளைப் பிடித்து மணையில் உட்கார வைத்துவிட்டார். "ஹம் கிறிஸ்டியன் ஹை, பாய். சலேகா?" என்று கேட்டார், நான் கிறிஸ்தவனாயிற்றே, பரவாயில்லையா என்று. "புள்ளையக் கெட்டியாப் பிடிக்கத் தெரியுமா? தெரிஞ்சா சலேகா" என்றார் அப்பா. நீ துள்ளிய துள்ளலில் வலது காதுத் துளை கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது, அவருடைய வெள்ளை வேட்டியையும் நனைத்தாய். அவர் அசையவில்லை. அன்றிலிருந்து தீபாவளிக்கு உனக்குத் துணி மலையிலிருந்துதான் வந்தது. மாமன் என்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இந்தியிலும் மாமா என்றால் அம்மாவின் உடன்பிறந்தவன்தானே.

குழாய் இருமுகிறது. காற்றுதான் வருகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

சுனாமியின்போது உனக்கு விவரம் தெரிகிற வயசு. ஆனாலும் நீ அதைப் பற்றிப் பேசினால் ஹெலிகாப்டர் பார்த்ததைத்தான் சொல்வாய். நான் மற்றதைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அப்பா கடல் தாண்டி ஹட்பேயில் வேலைக்குப் போயிருந்தார். நிலம் ஆடி நின்றது, அப்பாடா என்று வெளியே உட்கார்ந்திருந்தோம், அப்புறம் ஓடையில் தண்ணீர் ஏறியது. அலை வந்து அடிக்கவில்லை. வயல் கீழே இறங்கிக்கொண்டே போனது, தண்ணீர் மேலே வந்துகொண்டே இருந்தது. ஜெபத்துக்குப் போகக் கிளம்பியிருந்த ஜோஹன், போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தார். உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார், அக்காவைக் கையில் பிடித்துக்கொண்டார். நான் முருகன் படத்தைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். பாத்திரம் ஒன்றுகூட எடுக்கவில்லை, ரேஷன் கார்டு எடுக்கவில்லை.

அந்த மலை வீட்டில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் தெரியுமா? கீழே இருந்த அத்தனை வீடும். பெங்காலிக் குடும்பம், தெலுங்குக் குடும்பம், நாம். ஒருவரை ஒருவர் எதிர்த்து எலெக்‌ஷனில் நின்ற இரண்டு பேர் ஒரே தார்ப்பாயில் முதுகோடு முதுகாகப் படுத்திருந்தார்கள், ஒருவர் குறட்டையை மற்றவர் திட்டிக்கொண்டு. ஜோஹன் வீட்டில் பன்றிக்கறி சமைப்பார்கள், நமக்கு ஆகாது. அவர் வீட்டுக்காரி பூல்மணி மாமி நாம் கேட்காமலே ஒரு பானையைச் சாம்பல் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து, நமக்கென்று தனியாக எடுத்து வைத்தாள். அவள் பிள்ளைகள் தொடக்கூடாது என்று அதைச் சுற்றிக் கரியால் கோடு போட்டாள். ஏசு படம் இருந்த பலகையை ஒதுக்கி முருகனுக்குப் பாதி இடம் கொடுத்தாள். அவள் மண்ணெண்ணெயிலிருந்து எனக்கு விளக்குக்குத் திரி நனைத்துக் கொடுத்தாள். எண்ணெய் இல்லாத காலம், சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஹட்பே அழிந்துவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டேன். தினமும் சாயங்காலம் ஜோஹன் எனக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு அவர் மொழியில் ஜெபம் செய்வார். ஒருநாள் முடித்துவிட்டு, "தீதி, ஆப் கா பகவான் கோ கைசே புலாதா?" என்று கேட்டார். அக்கா, உங்கள் சாமியை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று. முருகா என்று கூப்பிடுவோம் என்றேன். அடுத்த நாளிலிருந்து அவர் ஜெபம் "ஆமென், முருகா" என்றுதான் முடிந்தது. அவ்வளவு துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். அப்பா ஒரு கப்பலில், யாரோ கொடுத்த அரைக்கால் சட்டையோடு வந்து இறங்கினார். கேட்டது எந்தச் சாமிக்குக் காதில் விழுந்தது என்று நான் இன்றுவரை யோசித்ததில்லை.

நம் வயலுக்குப் பட்டா உண்டு. இப்போதும் உண்டு. காகிதத்தில் அது நெல் வயல், போய்ப் பார்த்தால் மீன் துள்ளுகிறது. பட்டா இல்லாத மலைதான் சர்க்கார் கொடுத்த தகரக் கொட்டகை கிடைக்கும்வரை நம்மை வைத்துச் சோறு போட்டது. நீ அந்த மலையில்தான் ஒன்றாம் வகுப்புப் பாடம் எழுதினாய், மாமா மடித்துக் கொடுத்த அட்டையின் மேல் வைத்து.

தண்ணீர் வந்துவிட்டது. இரு.

பிடித்துவிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போன மாதிரி வந்தது, டிரம் பாதிதான் நிரம்பியது. கைப்பழக்கத்தில் ஜோஹன் வீட்டு இரண்டு மஞ்சள் கேனையும் நிரப்பி வைத்துவிட்டேன். மலைக்குக் குழாய் கிடையாதே, நம் குழாயில் பிடித்துத்தானே இத்தனை வருஷமும் கொண்டுபோனார்கள். நீங்கள் ஜெயித்து ஊர்வலம் வந்த நாளிலிருந்து எடுக்க ஆள் வருவதில்லை. பூல்மணி இந்த மூட்டுவலியோடு ஓடைக்குப் போய்க் கோரிக்கொண்டு போகிறாள். கேன் வாசலிலேயே நிற்கிறது, பாசி பிடித்துவிடும் என்று கொட்டிவிட்டு மறுபடி பிடிக்கிறேன்.

உன் கட்சியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று நீயும் கேட்காதே, அப்பாவுக்கே சொல்லவில்லை. நீ சொல்வதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை, வீடு கட்ட ஒரு துண்டு இடம் இல்லை, மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், மலையை வழித்துக்கொண்டே போனால் ஒருநாள் மண்ணெல்லாம் சரிந்து கீழே வந்துவிடும். இதெல்லாம் உண்மை. மலை வீடுகளுக்குப் பட்டா வேண்டும் என்று ஜோஹன் எதிர்க்கட்சியோடு நின்றார். அவருக்கு வேறு எங்கே நிற்க முடியும்? அவர் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டா இருந்தார்? பாம்பூஃபிளாட்டில் நடந்த கூட்டத்தில் உன்னைக் காண்டிராக்டருக்குக் குடை பிடிக்கிறவன் என்று பேசினார். நான் கேள்விப்பட்டேன், எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. உன் நிச்சயதார்த்தத்துக்கு அவர் வராததும் சரியில்லை. பூல்மணி மட்டும் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

ஆனால் உன் கட்சி ஜெயித்த அன்று சாயங்காலம் நடந்தது வேறு. நான் மலை ரோட்டோரம் நின்றேன். உன்னைப் பார்க்கத்தான் வந்து நின்றேன், பெற்றவளுக்குப் பெருமை இருக்காதா? மேளம், ஜீப், கொடி, எல்லாம் மலை ஏறி ஜோஹன் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. வேண்டுமென்றுதான் நின்றது. அந்த மூங்கில் கேட்டுக்குள் சரவெடியைத் தூக்கிப் போட்டார்கள். பூல்மணிக்குக் காய்ச்சல், உள்ளே படுத்திருந்தாள். வெடி வெடிக்க வெடிக்க உன் ஆட்கள் "அரோகரா" என்று கத்தினார்கள். தைப்பூசத்துக்குக் காவடி தூக்கும்போது முருகனைக் கூப்பிடுகிற சத்தம் அது. அதே முருகனை அந்த வீட்டுக்குள் முழங்கால் போட்டுக் கூப்பிட்ட மனுஷனைப் பயமுறுத்த அதை எடுத்துக் கத்தினார்கள், நீ மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாய்.

ஜோஹன் இறங்கி வந்தார். அவருக்கும் வாய் அடங்காது. உன்னைக் காட்டி, "யே மேரா கோத் மே மூத்தா தா" என்றார், என் மடியில் மூத்திரம் பெய்தவன் இவன் என்று. எல்லோரும் சிரித்தார்கள், உன் ஆட்களே சிரித்தார்கள். உன் முகம் போன போக்கு எனக்குத் தெரிந்தது. இருபத்தாறு வயசுப் பிள்ளை, ஜீப் மேல் மாலையோடு நிற்கிறான், சுடத்தான் செய்யும். அதற்கு நீயும் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நீ மைக்கைத் தூக்கி வாய்க்கு நேராக வைத்தாய். "மாமா, யே ஜமீன் கிஸ்கா ஹை? காகஜ் திகாவ்" என்றாய்.

இந்த நிலம் யாருடையது, காகிதத்தைக் காட்டு. மாமா என்று கூப்பிட்டு, அதே மூச்சில். நான் உன் பேரைச் சொல்லிக் கத்தினேன், மேளத்தில் அமுங்கிப்போய்விட்டது. ஜோஹன் கேட்டைச் சாத்தினார். அந்தக் கேட்டுக்குத் தாழ்ப்பாளே கிடையாது, கயிறு எடுத்துக் கட்டினார். அவர் முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டதை நான் பார்த்தேன். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை.

மறுநாள் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு ஏறினேன். பூல்மணி கேட்டுக் கயிற்றை அவிழ்த்து உள்ளே விட்டாள். அவர் முற்றத்தில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை. நான் கல்யாணப் பேச்சை எடுத்தேன். பந்தக்காலுக்கு வர வேண்டும், மாப்பிள்ளை தலையில் உருமால் கட்ட வேண்டும், நீங்கள்தான் மாமன் என்றேன். "தீதி, ஆப் ஆவோ, ரோஜ் ஆவோ. ஷாதி மே ஹம் நஹீ ஆயேகா" என்றார். நீங்கள் தினமும் வாருங்கள், கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன் என்று. அவன் சின்னப் பையன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முடைவதை நிறுத்திவிட்டுத் தமிழில் சொன்னார். அவருக்குத் தமிழ் அவ்வளவு வராது, எனக்கு நன்றாக விளங்க வேண்டும் என்றுதான் தமிழில் சொன்னார். "தீதி, போலீஸ் கேக்கும், பாரஸ்ட் கேக்கும், நமக்கு ஒண்ணும் ஆகாது. அவன் கேட்டான்."

அழுதுகொண்டுதான் இறங்கினேன். வழியில் அவருடைய மூங்கில் புதரைத் தாண்டித்தானே வர வேண்டும். அங்கே ஒரு மூங்கிலில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. நல்ல நேரான மூங்கில், கணு ஒவ்வொன்றும் எண்ணெய் தடவிய மாதிரி. பூல்மணியைத் திரும்பிக் கூப்பிட்டுக் கேட்டேன். உனக்குப் பெண் பேசி முடித்த அன்றைக்கே அவர் தேர்ந்தெடுத்துக் கட்டி வைத்ததாம், வேறு யாரும் வெட்டிவிடக் கூடாது என்று. அக்கா கல்யாணத்துக்கும் அப்படித்தான் கட்டி வைத்திருந்தார். பந்தக்கால் நம் வீட்டுக்கு எப்போதும் அந்த மலையிலிருந்துதான் வரும். ஊர்வலம் முடிந்து, கேட்டைக் கயிறு போட்டுக் கட்டி, உன் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று சொன்ன பிறகும் அந்தத் துணியை அவர் அவிழ்க்கவில்லை. அதைப் பார்த்த நாளிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காற்று பலமாக அடித்தால் எழுந்து போய் மலையைப் பார்க்கிறேன், துணி இருக்கிறதா என்று. நம் வாசலிலிருந்து தெரிகிறது, கொஞ்சம் கழுத்தை நீட்ட வேண்டும்.

பரமக்குடி மாமா விமானத்தில் வருகிறான், கப்பலை நம்பவில்லை இந்தத் தடவை. அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சண்டைக்கோழி, உன் பக்கம்தான் பேசுவான் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டான். அப்புறம், "அக்கா, நான் ரெத்த மொறைக்கு வாரேன். உருமாலை அவரே கட்டட்டும். அன்னைக்கு மடி குடுத்தது அவருதான, நான் மெட்ராஸ்ல லாட்ஜுல படுத்துக் கெடந்தேன்" என்றான். உன் பெண்டாட்டியாக வரப்போகிறவளும் லாங் ஐலண்டிலிருந்து போன் செய்தாள். புடவை பற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் மெதுவாக, "அத்தை, அவங்க சொல்லுவாங்களே ஆமென் முருகா மாமா, அவங்கள எப்ப பாக்கலாம்?" என்று கேட்டாள். நீதான் சொல்லியிருக்கிறாய் அவளிடம். உனக்கு நினைவிருப்பது ஹெலிகாப்டர் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் என்ன பதில் சொல்வேன்? வருவார்மா என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

கட்சியை விடு என்று நான் கேட்கவில்லை. இரு. கூட்டத்துக்குப் போ, கொடி கட்டு, நிலம் யாருக்கு என்று ஆபீஸில் போய்ச் சண்டை போடு, அவரும் அந்தப் பக்கம் நின்று போடட்டும். மலையில் நிலம் அளக்கிறவர்கள் வந்து கல்லில் சிவப்பு மை தடவிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது என்ன ஆகும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்கெல்லாம் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவரைப் பார்த்துக் கேட்கும் வாய் உன் வாயாக இருக்கக்கூடாது, ராசா. என் முருகன் மூன்று மாசம் வாடகை இல்லாமல் அந்தப் பலகையில் குடியிருந்தான். அந்த நன்றி அவனுக்கு இருக்கும் என்று நான் நம்புகிறேன். எனக்கு இருக்கிறது. உனக்கும் இருக்கிறது, மைக்கைக் கையில் கொடுத்தால் மட்டும் ஒளிந்துகொள்கிறது.

அதனால் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை பந்தக்கால். ஜோசியர் குறித்த நேரம் வரும், போகும். அந்த மஞ்சள் துணி கட்டிய மூங்கில் வராமல் இந்த வாசலில் நான் குழி தோண்ட விட மாட்டேன். பஜாரில் இரும்புக் குழாய் கிடைக்கும், பந்தல்காரரே கொண்டுவருவார் என்று அப்பாவிடம் சொல்லியனுப்பாதே. பத்திரிகைக் கட்டையும் அவிழ்க்க மாட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று என்னைப் பயமுறுத்தாதே. ஊரில் பாதிப் பேர் அந்தத் தார்ப்பாயில் படுத்து எழுந்தவர்கள்தான்.

வியாழக்கிழமை காலையிலேயே வா. தனியாக வா, ஜீப்பில் வராதே. கட்சி ஆட்கள் ஒருவரும் கூட வேண்டாம், கழுத்தில் துண்டும் வேண்டாம். வாசலில் இரண்டு மஞ்சள் கேன் நிரம்பி நிற்கும். ஒரு கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மலை ஏறு. மேடு செங்குத்து, மூச்சு வாங்கும், வாங்கட்டும். கேட்டில் கட்டியிருக்கும் கயிற்றை நீ அவிழ்க்காதே, வெளியிலேயே நின்று கூப்பிடு. எலெக்‌ஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, நான் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள் இப்படிச் சொன்னீர்கள் என்று ஆரம்பிக்காதே. தண்ணீரைக் கொடு. பந்தக்காலுக்கு மூங்கில் வெட்டலாமா என்று கேள். அவ்வளவுதான்.

அவர் லேசில் மசிய மாட்டார். உன்னை வெயிலில் நிற்க வைப்பார். அப்புறம் கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, நீ கேட்ட அதே கேள்வியை உன்னிடம் கேட்பார். எனக்கு அவரைத் தெரியும், கட்டாயம் கேட்பார். நீ யார், எந்த உறவில் என் மூங்கிலைக் கேட்கிறாய், காகஜ் திகாவ் என்பார்.

கோபப்படாதே. பதில் சொல்லாதே. கேனைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து உன் வலது காதைக் காட்டு. துளை தூர்ந்துவிட்டது, கீழே இறங்கிய அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அவருக்குத் தெரியும் அது.

உன்
அம்மா